கல்யாணத்துக்குப் போனவர்கள்

"நாளைக் காலையில மேனேஜர் கையில போட்டோ இருக்கணும். இல்லேன்னா என் வேலை போயிடும்ப்பா" என்று குமாஸ்தா ஸ்டுடியோக்காரனிடம் கெஞ்சினார்.

மனைவியோடு அவள் தோழியின் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லி விடுப்பு எடுத்திருந்தார். மனைவி தனியாகத்தான் கிளம்பினாள். அவளிடம் ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டு, நாள் முழுக்கச் சீட்டாடினார். சந்தேகப்பட்ட மேனேஜர், கல்யாணத்தில் எடுத்த போட்டோவைக் கேட்டுவிட்டார்.

ஸ்டுடியோக்காரன் பென்டிரைவைச் செருகினான். "அடேயப்பா, எவ்ளோ பெரிய ஃபைல்!"

"அவ கம்ப்யூட்டர்ல இதே போட்டோ ரெண்டு இருந்துச்சு. பெரிசா இருந்தா தெளிவா இருக்கும்னு இதை எடுத்தேன். மணப்பெண் பக்கத்துல நிக்கிறா பாரு, அதான் என் சம்சாரம். அவளை ஒட்டி என்னை நிக்க வெச்சிடு."

"சார், இது வெறும் போட்டோ இல்ல, எடிட் பண்ற ஃபைல். பண்ணின வேலையெல்லாம் அடுக்கடுக்கா உள்ளயே இருக்கும். மேல் அடுக்கை மறைச்சா அசல் தெரியும்."

மறைத்தான். மணப்பெண் சிரித்தபடி நின்றாள். பக்கத்தில் யாருமில்லை.

குமாஸ்தா யோசித்தார். அன்றைக்கு எங்கே போனாய் என்று மனைவியைக் கேட்கலாம். இந்த ஃபைலை எதற்கு எடுத்தீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்பாளே?

ஸ்டுடியோக்காரன் தொண்டையைக் கனைத்தான்.

"அவங்களை மறுபடி வெச்சுட்டு, உங்களையும் பக்கத்துலயே ஒட்டிடட்டுமா சார்?"