கீழே வைக்காத ஸ்பூன்

தலைவர் ஸ்பூனைக் கீழே வைக்கும்வரை மேஜையிலிருந்து யாரும் எழக் கூடாது. மாளிகையின் விதி அது. அன்று மதிய விருந்தில் பாயசம் வந்ததும் தலைவரின் தலை தொங்கிவிட்டது. ஸ்பூன் மட்டும் கையிலேயே இருந்தது. பதினோரு மந்திரிகளும் நிமிராமல் பாயசத்தைத் தின்றுகொண்டே இருந்தார்கள்.

சுவரோரம் நின்ற டாக்டர் அம்பலவாணர் ஓடிவந்து தலைவரின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி திடமாகத் துடித்தது. குனிந்த அவர் காதருகே தலைவரின் உதடு அசைந்தது.

"செத்துட்டேன்னு சொல்லு. எவன் முதல்ல எந்திரிக்கிறான்னு தெரியட்டும்."

மேஜையின் கடைசி நாற்காலியில் டாக்டருடைய மருமகன் குலசேகரன். போன மாதம்தான் மந்திரியானவன். கண்ணால் எச்சரிக்கப் பார்த்தார். அவன் கிண்ணத்தைவிட்டுத் தலை தூக்கவில்லை.

"தலைவர்... போயிட்டார்."

யாரும் அசையவில்லை. பத்து ஸ்பூன்கள் கிண்ணங்களில் உரசிக்கொண்டே இருந்தன. பதினோராவது, டங்கென்று மேஜையில் விழுந்தது. குலசேகரன் எழுந்து சோம்பல் முறித்தான்.

"அப்பாடா! மாமா, நல்லாப் பாத்துட்டீங்கல்ல? திரும்ப எந்திரிச்சிடப் போறார்!"

டாக்டர் பிடித்திருந்த கை, இப்போது டாக்டரைப் பிடித்துக்கொண்டது.