படகில் ஓர் இடம்

மனித உரிமை வக்கீல் எரிபெர்த்தோவிடம் யாராவது சட்டத்தில் சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், அவருக்குச் சோறு தண்ணீர் மறந்துவிடும்.

அன்று கேட்டவள் கொலம்பியக் காட்டின் கெரில்லாத் தளபதி யாமிலே. "வக்கீலய்யா, சமாதானப் பேச்சுல எங்க மேலிடத்துல ஒரு கைதிய விடறதா ஒத்துக்கிட்டாங்க. படகுல ஒரு இடந்தான். யாரை அனுப்பறது?"

"நோயாளிக்குத்தாம்மா முதல் இடம். சிப்பாய் வில்மருக்கு மலேரியா."

"எங்களச் சுட்டவனாச்சே!"

"துப்பாக்கியக் கீழ போட்டதும் அவன் எதிரியில்ல. ஏன் அப்படின்னா..." என்று தொடங்கியவர், கையிலிருந்த சூடான வெல்லத் தண்ணீர் ஆறிப்போகும்வரை விளக்கினார். காவலுக்கு நின்றவன் நின்றபடியே தூங்கிவிட்டான்.

யாமிலேவுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. வில்மரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் படுக்கவைத்தார்கள். படகு ஆற்று வளைவில் மறைந்தது.

பிறகு அவள், முகாமில் மிச்சமிருந்த ஒரே கைதியின் காலில், அதாவது எரிபெர்த்தோவின் காலில், மறுபடி சங்கிலியைப் பூட்டினாள்.

"நல்லவேளை கேட்டேன் வக்கீலய்யா. உங்களத்தான் அனுப்பறதா இருந்தேன்."

எரிபெர்த்தோ தன் வாயை நொந்துகொண்டார். இனிமேல் அதைத் திறப்பதில்லை என்று முடிவுகட்டினார்.

"ஆமா, கைதியச் சங்கிலியில கட்டலாமா?" என்று யாமிலே கேட்டாள்.

"அருமையான கேள்வி!" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.