பக்கத்துக் கூண்டுச் சாறு

ஓர் ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு எலிகள் இருந்தன. வாலில் மை தடவிய மைவாலனுக்குத் தினமும் மணத்தக்காளிச் சாறு. காதில் வெட்டு விழுந்த மூளிக்காதனுக்கு வெறும் தண்ணீர்.

“ஒரே கசப்புடா,” என்று முகம் சுளித்தான் மைவாலன்.

“நான் கொஞ்சம் குடிச்சுப் பார்க்கட்டுமா, அண்ணே?”

கம்பி இடுக்கில் தலையை நீட்டினால் பக்கத்துப் புட்டி எட்டியது. மூளிக்காதனுக்கு அந்தக் கசப்பு பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவன் சாற்றைக் குடித்தான், மைவாலன் தண்ணீரைக் குடித்தான்.

ஒரு நாள் ஆராய்ச்சியாளர் இருவருக்கும் வயிற்றைப் புண்ணாக்கும் மருந்தைப் புகட்டினார். பிறகு மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். சாறு குடித்ததாக அவர் நினைத்த மைவாலனுக்கு வயிறெல்லாம் புண். மூளிக்காதனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

“ஒன்றுக்கும் ஆகாத கீரை,” என்று மேசையிலிருந்த மணத்தக்காளிச் செடியை ஜன்னல் வழியே எறிந்தார். வேளைக்குச் சாப்பிடாத அவருக்கும் வயிறு எரிந்தது. தடவிக்கொண்டே ஒரு மாத்திரையை விழுங்கினார்.

“அண்ணே, நடந்ததை அவர்கிட்ட சொல்லிடலாமா?” என்றான் மூளிக்காதன்.

மைவாலன் வலியோடு புரண்டு படுத்தான்.

“அவர் நம்ம வயித்தைத்தானே கேட்கிறார், நம்மையா கேட்கிறார்? அது கிடக்கட்டும். செடி எந்தப் பக்கம் விழுந்துச்சு, பார்த்தியா?”