சாப்பிட்ட பாம்பைத் தொடக் கூடாது

“இன்னிக்கும் அவளைத் தொட முடியாது. இப்பதான் சாப்பிட்டு முடிச்சா,” என்றாள் லோர்னா, கதவைத் திறந்ததும் திறக்காததுமாக.

வெண்டலுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பனியில் ஒன்றரை மணி நேரம் டிரக் ஓட்டி வந்தவனை, கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த மலைப்பாம்பு தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

விவாகரத்தில் டிரக் அவனுக்கு, வீடு அவளுக்கு. பிஸ்கட் என்ற அந்தப் பாம்பும் அவனுடையதுதான். ஆனால் அவன் குடிபோன அடுக்ககத்தில் பாம்புக்கு அனுமதியில்லை. பாம்பென்றால் நாற்காலி மேல் ஏறுகிற லோர்னாவிடமே அதை விட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் வந்து கால் மணி நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

ஏற்பாடு பேச்சோடு சரி. அவன் வருகிற சனிக்கிழமையில்தான் பாம்பின் பசி அவள் கண்ணில் படும். எலி விழுங்கிய பாம்பை இரண்டு நாள் தொடக் கூடாது, தொட்டால் கக்கிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த புத்திசாலியும் வெண்டலேதான். அதனால் திங்கட்கிழமை இன்னொரு நடை.

இன்று விடுவதாயில்லை. அடுக்ககத்து வீட்டுக்காரர் ஒருவழியாக இறங்கி வந்து பாம்புக்குச் சம்மதித்துவிட்டார். பிஸ்கட்டைக் கொண்டுபோகப் பெட்டியோடு வந்திருந்தான்.

“எலி போடாதேன்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“பசிக்குமேன்னு போட்டேன்.”

பிஸ்கட்டின் நடுவயிறு புடைத்திருந்தது. இந்த நிலையில் டிரக்கில் குலுக்கினால் பாதி வழியில் கக்கித் தொலைக்கும். இந்தப் பெண்மணிக்குப் பழிவாங்க ஓர் எலிதானா கிடைத்தது என்று முனகிக்கொண்டான்.

சமையலறை மேசையில் கோழிக்கறியை மாவுக்குள் அடைத்துச் செய்த சிக்கன் பை சுடச்சுட இருந்தது, இரண்டு தட்டுகளோடு. வந்தது வந்தாய், சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். கோபமாகச் சாப்பிட்டான், அதே கோபத்தோடு இன்னொரு துண்டும் போட்டுக்கொண்டான்.

“திங்கக்கிழமை வந்து கொண்டுபோயிடறேன். உனக்கும் தொல்லை விட்டுது.”

லோர்னா மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லு. நான் வர்ற நாளாப் பார்த்து எதுக்கு எலி போடறே?”

“போடலேன்னா நீ திங்கக்கிழமை வர மாட்டியே, வெண்டல்.”