வலையில் விழுந்த பன்றி

"என் காட்டுல பன்னி வலை கட்டச் சொல்லி எவன்டா சொன்னது?" அழகுநாச்சி முளைக்குச்சியைப் பிடுங்கக் குனிந்தாள்.

"அண்ணன் இருந்தப்ப பன்னித் தொடை ஒண்ண வாங்கிக்கிட்டு வலை கட்ட விடுவாரே, மதினி," என்றான் ஈட்டியோடு நின்ற காத்தமுத்து.

"அவரு குடுத்த சம்மதம் அவரோட சுடுகாட்டுக்குப் போச்சு. நாய்களக் கூட்டிட்டு நட."

அப்போது புதரைப் பிளந்துகொண்டு வந்த பன்றி வலையில் மோதியது. பிடுங்க வந்தவளே முளையை அமுக்கிப் பிடித்தாள். பன்றி எருமைக்கன்று உயரம் இருந்தது. அத்தனை பெரியதை இருவருமே கண்டதில்லை. அது துள்ளவில்லை, வலைக் கண்ணிகளுக்குள் நின்று மூச்சு விட்டது. அந்தச் சூடு அவள் முழங்காலில் பட்டது. நாய்கள் படுத்துவிட்டன. காத்தமுத்துவின் ஈட்டி தானாகத் தாழ்ந்தது.

"அவுத்து விட்டுரட்டுமா, மதினி?"

"என்னைய ஏன்டா கேக்குற?" என்றாள், பன்றியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதக் கேளு."