முயல் தின்ற தைம்

குப்பைத் தொட்டிகளை வாசலுக்கு இழுத்துவைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டின் பக்கவாட்டு இடம் திறந்து கிடந்தது.

ஊதாப் பூவாக. சுவரோரம் முழுக்க, ஜமுக்காளம் விரித்த மாதிரி.

அதன் முன்னால் தெய்வானையக்கா நின்றிருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். இடுப்பில் கை.

கனடாவின் கால்கரியில் எங்கள் தெருவில் தமிழ் பேசும் வீடுகள் குறைவு. பார்ப்பதற்கு அதிகம் இல்லை. இருப்பதை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம்.

இங்கே செடி வளர்ப்பது லேசில்லை. குளிர் போக மனமில்லாத விருந்தாளி. மழை பேருக்கு. மிச்ச ஈரத்தைக் காற்று குடித்துவிடும். ரோஜா வைத்தவர்கள் அழுதார்கள். மல்லிகை வைத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். தரையோடு தரையாகப் படர்ந்து, பனிக்கடியில் செத்ததுபோல் கிடந்து, வெயில் வந்ததும் எழுந்துகொள்கிற ஜாதிதான் பிழைக்கும்.

அப்படி ஒன்று தெய்வானையக்கா வாசலில் இருந்தது. தைம். காலில் மிதிபட்டால் ஓம வாசனை அடிக்கும்.

அந்த வாசனைதான் அவளைக் கெடுத்தது.

போன வருஷத்துக்கு முந்தின கோடை. சாயங்கால நடைக்குப் போனவள் தெய்வானையக்கா வாசலில் குனிந்தாள். ஷூ லேஸ் கட்டுகிறாளாம்.

காலில் இருந்தது லேஸே இல்லாத செருப்பு.

பார்த்தவர்கள் பார்த்தார்கள். பார்த்ததைப் பூட்டி வைக்க இங்கே யார் வீட்டிலும் இடமில்லை.

கேட்டிருந்தால் அக்கா கூடை நிறையக் கொடுத்திருப்பாள். அதுதான் வில்லங்கம். கேட்டு வாங்கிய செடி வராது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பார்கள் அவள் ஊர்ப்பக்கம். அக்காவும் அதே கோபிச்செட்டிபாளையம்தான். அங்கே அது திருட்டில் சேராது. எடுத்தவளே மறுநாள் சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவாள்.

மறுநாள் அவள் சொல்லத்தான் போனாள்.

அக்கா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டு அகலத்துக்கு ஒரு பள்ளம். ஒரு கொத்து கிள்ளப் போனவள் கைக்கு வேரும் மண்ணுமாக அடையாகவே வந்திருந்தது.

"இத உசுரோட வெச்சுக்க நான் பட்ட பாடு," என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. "எந்தக் கட்டையில போறது பண்ணுச்சோ."

அவள் வாய் திறந்தாள்.

"முயலா இருக்குமுங்க்கா."

தெருவில் முயல்கள் உண்டு. அக்கா கம்பி வலை வாங்கிக் கட்டினாள். ஊரிலிருந்து வந்த மிளகாய்த் தூளை, சாம்பாருக்கே கிள்ளிக் கிள்ளிப் போடுகிற தூளை, வலையைச் சுற்றித் தூவினாள். அவளும் கூட நின்று தூவிக் கொடுத்தாள். தும்மினாள்.

முயலுக்காகப் பேச நாங்கள் யாரும் போகவில்லை.

திருட்டுச் செடியை வாசலில் வைக்க முடியுமா. குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். குளிர்காலத்தில் கார் நிற்கும் இடத்துப் பனியையெல்லாம் வாரி அதன் மேலேயே குவித்தாள். கண்ணில் படாமல் கிடக்கட்டும் என்றுதான்.

போன ஜனவரியில் சினூக் அடித்தது. மலைப்பக்கத்திலிருந்து வருகிற வெதுவெதுப்பான காற்று. அக்கா வாசலில் பனி கரைந்து மண் தெரிந்தது. தைம் வசந்தம் என்று ஏமாந்திருக்கும். பின்னாலேயே குளிர் திரும்பி வந்தது. இந்த முறை மேலே போர்த்திக்கொள்ளப் பனி இல்லை.

மே மாதம் அக்காவின் வலைக்குள் காய்ந்த குச்சிகள் இருந்தன. முயல் அண்டாத குச்சிகள்.

குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், பனிக் குவியலுக்கு அடியில் இருந்தது மட்டும் சொகுசாகத் தூங்கி எழுந்தது.

இப்போது பூத்து நிற்கிறது.

தொட்டிகளை வைத்துவிட்டுப் படியேறியவள் இறங்கவில்லை. காது மடல் சுட்டது.

தெய்வானையக்கா ஒரு காம்பைக் கிள்ளினாள். கசக்கினாள். மோந்தாள். அவசரமே இல்லை.

"நல்லா வந்திருக்குது கண்ணு."

"நானே பேத்து எடுத்துட்டு வந்து உங்க வாசல்ல வெச்சுத் தாரனுங்க்கா. எவ்வளவு வேணும்னாலும்."

"கேட்டு வாங்கிட்டுப் போனா வருமாக்கும்?" அக்கா இன்னும் விரலை மோந்துகொண்டிருந்தாள். "நீ போய் டீ வை. மெதுவா வை."

அவள் உள்ளே போனாள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு ஜன்னல். எட்டினால் சுவரோரம் தெரியும். அதற்கு முதுகைக் காட்டி நின்றாள்.

டீ பொங்கியது. தணித்தாள். மறுபடி பொங்கியது.

சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். லேஸ் வரைக்கும் வந்தது. முயலைத் தாண்டவில்லை.

இரண்டு தம்ளரோடு கதவைத் திறந்தாள்.

அக்கா குனிந்திருந்தாள்.

"இரு கண்ணு," என்றாள் நிமிராமலே. "லேஸ் அவுந்துபோச்சு."

அவள் அக்காவின் காலைப் பார்த்தாள்.

ரப்பர் செருப்பு.

தம்ளர் கையைச் சுட்டது. அவள் மாற்றிப் பிடிக்கவில்லை.