நாலு நிமிஷத் தீர்ப்பு

“நாலு நிமிஷம். நம்ம பசங்க போட்ட கோலை அந்த நடுவருங்க நாலு நிமிஷம் திருப்பித் திருப்பி வீடியோவுல பாத்தானுங்க. அதுக்குள்ள நான் ஒரு ஆளுக்கு ஷேவிங்கே முடிச்சிருப்பேன்.”

சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

“கடைசியில என்ன சொன்னான்? தோள்பட்டை ஒரு விரற்கடை முன்னாடி இருந்துச்சாம். ஆஃப்சைடாம். கோல் இல்லையாம்.”

“சரிண்ணே, அந்தக் கோபத்துல என் கிருதாவை ஆஃப்சைடு ஆக்கிடாதீங்க” என்றார் நாற்காலியில் இருந்த மெக்கானிக்.

ஓரத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த சலூன்காரர் மனைவி அந்தக் கத்தரியையே பார்த்தாள். போன வாரம் நடந்த ஃபுட்பால் மேட்ச். அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொரு தலைக்கும் இதே கதை. என்றைக்காவது ஒரு காது போய்விடப் போகிறது.

அப்போதுதான் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முதல் கால் சர்வேயருடையது, அவள் கண்ணால் பார்த்தாள். அவர் முதுகை ஒட்டியே புது முகம் ஒன்று, வேன் டிரைவர்.

“இன்னும் ஒரு தலைதான். அஞ்சரைக்கு மேட்ச். அஞ்சு மணிக்கு ஷட்டர் இறங்கிடும்” என்றார் சலூன்காரர் திரும்பாமலே.

“நான்தான் முதல்ல வந்தேன்” என்றார் சர்வேயர்.

நிலம் அளக்கிற மனுஷன். எதிலும் ஒரு அங்குலம் விடமாட்டார். ‘கோடுன்னா கோடுதான், வீடியோ பொய் சொல்லாது’ என்று அந்தக் கடையில் ஒரு வாரமாகத் தனி ஆளாக வாதாடுகிறவரும் அவர்தான்.

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தாங்க நுழைஞ்சோம்.” டிரைவர் காதை மூடிக் கிடந்த முடியைத் தடவிக்கொண்டார். “ஏழு மணிக்கு ஏர்போர்ட்ல நிக்கணும். நாலு வருஷம் கழிச்சுப் பொண்ணு வர்றா. போன்ல பாக்கும்போதெல்லாம், ‘ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா’ன்னு கண்ணைக் கசக்குவா. இன்னிக்காவது மனுஷனாப் போய் நிக்கலாம்னு வந்தேன்.”

“சார், அவர் உட்காரட்டுமே” என்றார் சலூன்காரர்.

டிரைவரின் முகம் சட்டென்று இறுகியது.

“வேண்டாங்க. பாவப்பட்டு யாரும் இடம் தரவேண்டாம். அவர் முன்னாடி வந்திருந்தா அவரே உட்காரட்டும். நான் இப்படியே போய்க்கிறேன்.”

பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

சர்வேயர் அண்ணாந்து, கண்ணாடிக்கு மேலிருந்த காமிராவைப் பார்த்தார்.

“இருங்க. அதான் காமிரா இருக்குல்ல? போட்டுப் பாத்துடலாம்.”

இரண்டு குடை காணாமல் போன பிறகு அவள்தான் நச்சரித்து வாங்கி மாட்டச் சொன்ன காமிரா. அது இப்படியா வந்து விடியவேண்டும்? ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் இந்தச் சர்வேயர் தலையில் இருக்கிற நாலு முடி உதிர்ந்தா போய்விடும்? என்ன கல் நெஞ்சு.

“என் கடையிலயே வீடியோவா?” என்று முணுமுணுத்தார் சலூன்காரர். சர்வேயரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கத்தரியை வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் இருந்த உள் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது.

“அண்ணே, வெட்டின பக்கம் மறுபடி வளர ஆரம்பிச்சிடுச்சு” என்று குரல் கொடுத்தார் மெக்கானிக்.

“பெருசு பண்ணிப் பாத்துட்டிருக்கேன். செருப்புகிட்ட கோடு போடவேண்டாமா?”

நாலாவது நிமிடம் சலூன்காரர் வெளியே வந்தார். டிவியில் நடுவர்கள் செய்வதுபோல இரண்டு விரல்களால் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார்.

“தம்பி செருப்புதான் முன்னாடி. சார் ஒரு விரற்கடை பின்னாடி.”

கடையே சிரித்தது. சர்வேயர் மட்டும் சிரிக்கவில்லை.

“வீடியோ சொன்னா அப்பீல் கிடையாது. நான் நாளைக்கு வர்றேன்.”

அவர் போய்விட்டார். மெக்கானிக் எழுந்ததும், டிரைவர் தலை நிமிர்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முடிவெட்டி எழுந்தபோது பத்து வயது குறைந்திருந்தது.

கடையைச் சாத்தியதும் அவள் நேரே உள் அறைக்குப் போனாள். அவள் கண் பார்த்தது ஒன்று, காமிரா சொன்னது ஒன்று என்றால் எப்படி?

கம்ப்யூட்டர் கறுப்பாகக் கிடந்தது. காமிராவின் வயர் பிடுங்கப்பட்டு, அந்த ப்ளக்கில் ட்ரிம்மர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“ஏங்க, நாலு நிமிஷமா எதைப் பாத்தீங்க?”

“காலண்டரை.” அவர் டிவியைப் போட்டார். “பாவம், அந்த நடுவருங்க. நாலு நிமிஷம் ரொம்ப நீளம்டி.”

“சர்வேயருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். அளக்கிற ஆளு, சும்மா விடமாட்டார்.”

“கத்தாதே. மேட்ச் ஆரம்பிச்சாச்சு.”

மறுநாள் சர்வேயர் வருவதற்குள் அவளே ட்ரிம்மரைப் பிடுங்கிவிட்டுக் காமிரா வயரைச் செருகி வைத்தாள். சர்வேயர் வந்தார். அவர் முடிவெட்டிக்கொண்டார். வீடியோ பொய் சொல்லாது என்று வழக்கம்போல ஒரு சண்டை போட்டார். எழுந்தார். அண்ணாந்து காமிராவைப் பார்த்தார்.

அவள் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்குப் பச்சை விளக்கு எரியுதே” என்றார் அவளிடம் மட்டும், தணிந்த குரலில். “மூணு வாரமா எரியல தங்கச்சி. நேத்து எரிஞ்சிருந்தா, நான் வீடியோன்னு வாயே திறந்திருக்கமாட்டேன்.”